தேதியை வென்றவர்கள்: ‘ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்’ இயக்கத்தின் பலமும் பிழையும்

இரண்டு ஹவில்தார்களை எடுத்துக்கொள்வோம். இருவரும் ஒரே ரெஜிமென்ட். இருவருக்கும் 24 ஆண்டுச் சேவை. ஒருவர் 2005 டிசம்பரில் ஊர் திரும்பினார். மற்றவர் 2006 பிப்ரவரியில். இருவருக்கும் நடுவே 2006 ஜனவரி 1 நிற்கிறது. ஆறாவது ஊதியக் குழுவின் சம்பளம் நடைமுறைக்கு வந்த நாள் அது. கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்தே பென்ஷன் கணக்கிடப்படுவதால், இரண்டு மாதம் முந்தி வந்தவர் சாகும்வரை குறைவாக வாங்க வேண்டியதுதான். அவர் செய்த குற்றம் முன்னால் பிறந்தது மட்டும்.

இந்தத் தேதிக் கோட்டால் எல்லா அரசு ஊழியருக்கும் இழப்பு உண்டு. ஆனால் பட்டாளத்துக்காரருக்கு அடி பலமானது. அலுவலக எழுத்தர் 60 வயதுவரை வேலை பார்க்கிறார். புதிய ஊதியக் குழுக்கள் வரும்போது பெரும்பாலும் நாற்காலியில் இருக்கிறார். சிப்பாயை அரசு இளமை கருதி 35, 40 வயதுக்குள்ளேயே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. அவர் 75 வயதுவரை வாழ்ந்தால் மூன்று, நான்கு ஊதியக் குழுக்களை வெளியில் நின்று வேடிக்கை பார்க்கிறார். ஒரே பதவியில், ஒரே அளவு காலம் பணிசெய்தவர்களுக்கு, எந்தத் தேதியில் ஓய்வு பெற்றிருந்தாலும், ஒரே ஓய்வூதியம் என்ற கோரிக்கை பிறந்தது இங்கேதான்.

இந்தக் கோரிக்கையை முன்னாள் படைவீரர்கள் எப்படி அரசியலாக்கி வென்றார்கள், அந்த வெற்றிக்குள் என்னென்ன பிழைகள் தங்கின என்பதை எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம். அவர்களைப் புகழ்ந்து சொல்ல நிறைய உண்டு. சல்யூட் அடித்துவிட்டு நகர்ந்துவிட முடியாத கேள்விகளும் உண்டு.

நீதிமன்றம் மூடிய கதவு

மனக்குறையின் வேர் 1973இல் இருக்கிறது. மூன்றாவது ஊதியக் குழுவுக்குப் பின் படைவீரருக்கும் குடிமைப் பணியாளருக்கும் ஓய்வூதிய விகிதம் ஒரே அளவாக்கப்பட்டது. அதுவரை தங்களுக்கு இருந்த சாதகமான விகிதம் பறிபோயிற்று, குடிமைப் பணியாளருடையது கூடிற்று என்பது படைவீரர் தரப்பின் வாதம். சீக்கிரம் ஓய்வு பெறுபவரையும் நெடுங்காலம் பணியில் இருப்பவரையும் ஒரே தராசில் வைத்ததுதான் அடிப்படைத் தவறு என்றார்கள்.

முதலில் நம்பியது நீதிமன்றத்தை. 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, ஓய்வூதியம் அரசு போடும் பிச்சையோ மனமுவந்து தரும் வெகுமதியோ ஆகாது, ஊழியர் உழைத்து ஈட்டிய உரிமை என்று அறிவித்தது. இன்றும் அந்த நாளை ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். அந்தத் தீர்ப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படைவீரர்கள் மறுபடி போனபோது, 1991இல் நீதிமன்றம் கையை விரித்தது. கணக்கிடும் முறை எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே நகாரா தீர்ப்பு. கையில் வரும் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை என்றது.

2008இல் ஒரு விதிவிலக்கு வந்தது. 1996க்கு முன் ஓய்வு பெற்ற மேஜர் ஜெனரல்கள், பின்னால் ஓய்வு பெற்ற பிரிகேடியர்களைவிடக் குறைவாக வாங்கும் விநோதத்தை உச்ச நீதிமன்றம் திருத்தியது. அந்த வழக்கின் வெற்றி ஜெனரல்களுடையது என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னால் தேவைப்படும்.

பலம் எங்கே இருந்தது

அதே 2008இல் இந்திய முன்னாள் படைவீரர் இயக்கம் உருவானது. அதற்கு முன்னும் சங்கங்கள் இருந்தன. கேண்டீன், மருத்துவ அட்டை, விதவை உதவி, கொடிநாள் நிதி என்று மனுக் கொடுக்கும் சங்கங்கள் அவை. புதிய இயக்கம் மனுவிலிருந்து தெருவுக்கு வந்தது. அதன் உத்திகளில் நான்கு தனித்துக் கவனிக்கத்தக்கவை.

முதலாவது, கோஷம். ஊதிய நிலை, தர ஊதியம், பெருக்குக் காரணி என்று ஆடிட்டருக்கே தலைசுற்றும் விஷயத்தை நான்கு சொல்லில் அடக்கினார்கள். ‘ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்’ என்றால் டீக்கடையில் நிற்பவருக்கும் புரியும். அது நியாயமென்றும் தோன்றும். எதிர்த்துப் பேச ஒரு அரசியல்வாதியும் துணியவில்லை. தெருவுக்கு வரும் கோரிக்கைகளில் பலவும் நீளமாக இருந்தே தோற்கின்றன.

இரண்டாவது, பதக்கம். 2009இல் ஆயிரக்கணக்கான பதக்கங்களைக் குடியரசுத் தலைவரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். இரத்தத்தில் கையெழுத்திட்ட மனுக்களையும் அனுப்பினார்கள். பஸ் எரியவில்லை, கல் பறக்கவில்லை. அரசு தந்த கௌரவத்தை அரசிடமே திருப்பி வைப்பது, கொடுத்தவரைக் கூசவைக்கும் செயல். போரில் மாண்டவன் குடும்பத்துக்கு விட்ட நிலத்தை நம் பழைய கல்வெட்டுகள் ‘உதிரப்பட்டி’ என்கின்றன. சிந்திய உதிரத்துக்கு ஊர் கடன்பட்டிருக்கிறது என்ற எண்ணம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. அந்தக் கடனைத்தான் பதக்கங்கள் நினைவூட்டின.

மூன்றாவது, ஒழுங்கு. 2015 ஜூனில் டெல்லி ஜந்தர் மந்தரில் தொடங்கிய தொடர் உண்ணாவிரதம் வெயிலிலும் மழையிலும் முறைவைத்து நடந்தது. 70 வயதைத் தாண்டியவர்கள் கோட்டு போட்டு, பதக்கம் குத்தி, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆகஸ்ட் 14 அன்று, சுதந்திர தினப் பாதுகாப்பைக் காரணம் காட்டிப் போலீஸ் அவர்களை அங்கிருந்து இழுத்து அகற்ற முயன்றது. கசங்கிய சட்டையில் பதக்கம் தொங்க ஒரு முதியவர் தள்ளப்படும் காட்சி தொலைக்காட்சியில் ஓடியது. முன்னாள் தளபதிகள் குடியரசுத் தலைவருக்குக் கடிதம் எழுதினார்கள். மூன்று வாரத்தில், செப்டம்பர் 5 அன்று, பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் திட்டத்தை அறிவித்தார்.

நான்காவது, நாற்பதாண்டுப் பொறுமையும் தேர்தல் நேரமும் சேர்ந்த கணக்கு. 2011 டிசம்பரில் பகத் சிங் கோஷியாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு கோரிக்கையை ஏற்றுப் பரிந்துரைத்தது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டும் அடங்கிய குழு அது. பிரதமர் வேட்பாளராக அறிவிக்கப்பட்ட இரண்டாம் நாள், 2013 செப்டம்பர் 15 அன்று, நரேந்திர மோடி ஹரியானாவின் ரேவாரியில் முன்னாள் படைவீரர் பேரணியில் பேசி, இந்தக் கோரிக்கை குறித்து வெள்ளை அறிக்கை கேட்டார். பதிலுக்கு 2014 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் கோரிக்கையை ஏற்பதாக அறிவித்து 500 கோடி ரூபாய் ஒதுக்கினார். பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான், இமாச்சலம், உத்தராகண்ட் என்று வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் உள்ள மாநிலங்களில் எந்தக் கட்சியும் இதில் பின்தங்க விரும்பவில்லை.

இவற்றுக்குப் பின்னால் ஒரு சட்டநிலையும் இருக்கிறது. பணியில் உள்ள வீரர் சங்கம் வைக்கவும் அரசியல் பேசவும் ராணுவச் சட்டம் தடுக்கிறது. அரசியல் சாசனத்தின் 33ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. இது சரியான தடைதான். துப்பாக்கி ஏந்தியவர் கொடியும் பிடித்தால் மக்களாட்சி நிலைக்காது. ஆனால் இதனால் 14 லட்சம் பேர் கொண்ட ஒரு பணியின் குறைகள் பேச வாயில்லாமல் போகின்றன. ஓய்வு பெற்றவர்தான் அந்த வாய். அந்தப் பொறுப்பை இயக்கம் எடுத்துக்கொண்டது அதன் பெரிய கொடை.

கோஷத்துக்குள் இருந்த ஓட்டை

அந்த நான்கு சொல் கோஷத்தில்தான் முதல் பிழையும் ஒளிந்திருந்தது. ‘ஒரே’ என்றால் என்ன? ஒவ்வொரு ஆண்டும் சமப்படுத்துவதா, ஐந்தாண்டுக்கு ஒருமுறையா? உயர்ந்தபட்சத்துக்குச் சமமா, சராசரிக்கா? எல்லோரும் ஒப்புக்கொண்டது சொல்லை மட்டும்தான்.

பணக் கணக்கைப் பார்த்தால் இந்த மயக்கம் தெரியும். கோஷியாரி குழு அறிக்கையில் ஆண்டுச் செலவு 1,300 கோடி. சிதம்பரம் ஒதுக்கியது 500 கோடி. 2014 ஜூலையில் புதிய அரசின் நிதியமைச்சர் அருண் ஜெட்லி ஒதுக்கியது 1,000 கோடி. உண்மையில் அமலான பின் அரசே சொன்ன ஆண்டுச் செலவு சுமார் 7,488 கோடி. அதற்கு மேல் நிலுவை 10,925 கோடி. 500க்கும் 7,488க்கும் நடுவே இருக்கும் தூரம், இரண்டு கட்சிகளும் என்ன வாக்களித்தோம் என்று தெரியாமலே வாக்களித்த தூரம்.

2015 நவம்பர் 7 அன்று வெளியான ஆணை இந்த மயக்கத்தை அரசுக்குச் சாதகமாகத் தீர்த்தது. 2013இல் ஓய்வு பெற்றவர்கள் வாங்கிய குறைந்தபட்ச, அதிகபட்ச ஓய்வூதியங்களின் சராசரி. ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்தம். இனித் தாமாக விலகுவோருக்குப் பயன் இல்லை. இயக்கம் நீதிமன்றம் போயிற்று. 2022 மார்ச் 16 அன்று உச்ச நீதிமன்றம், இது அரசின் கொள்கை முடிவு, கோஷியாரி குழுவின் விளக்கம் அரசைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லி ஆணையை ஏற்றது. ஆனால் 2019 ஜூலை முதல் தேதிக்குச் செய்திருக்க வேண்டிய திருத்தத்தைச் செய்து நிலுவையைக் கொடு என்றது. நகாரா தீர்ப்பின் அமர்வுக்குத் தலைமை வகித்தவர் ஒய்.வி. சந்திரசூட், நாற்பதாண்டு கழித்து இந்த அமர்வுக்குத் தலைமை வகித்தவர் அவர் மகன் டி.ஒய். சந்திரசூட். தந்தை காலத்தில் உரிமையாகப் பேசப்பட்டது, மகன் காலத்தில் கொள்கையாகச் சுருங்கியது.

அந்த நிலுவையும் எளிதில் வரவில்லை. நான்கு தவணை என்று 2023 ஜனவரியில் அமைச்சகம் தானாக அறிவிக்க, நீதிமன்றம் கண்டித்தது. குடும்ப ஓய்வூதியர்களுக்கு ஏப்ரல் 30, எழுபது வயது கடந்தோருக்கு ஜூன் 30, மற்றவர்களுக்கு 2024 பிப்ரவரிக்குள் மூன்று தவணை என்று கெடு வைத்தது. வென்ற பிறகும் எட்டாண்டு காவல் நிற்க வேண்டியிருந்தது. கோரிக்கையை ஆணையாக வாங்காமல் சட்டமாக வாங்கியிருந்தால் இந்த அலைச்சலில் பாதி குறைந்திருக்கும்.

பதவி என்ற சொல்

இரண்டாவது பிழை இன்னும் ஆழமானது. இயக்கம் எதிர்த்தது தேதியால் வந்த ஏற்றத்தாழ்வை. பதவியால் வந்த ஏற்றத்தாழ்வை அது கேள்வி கேட்கவே இல்லை. கோஷத்தின் முதல் பாதியாகவே அதை வைத்துக்கொண்டது. மேடையில் பேசியவர்கள் பெரும்பாலும் ஜெனரல்கள், கர்னல்கள். தரையில் உட்கார்ந்தவர்களில் பெரும்பான்மை ஹவில்தார்கள், நாயக்குகள், சிப்பாய்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: மொத்தத் தொகையில் பெரும்பங்கு எண்ணிக்கையில் மிகுந்த கீழ்ப்பதவியினருக்கே போயிற்று. படிநிலை இல்லாமல் படை இல்லை என்பதும் உண்மை. ஆனால் 2022 டிசம்பரில் அந்தத் திருத்தத்தின்போது அரசு வெளியிட்ட எடுத்துக்காட்டுப் பட்டியலைப் பாருங்கள். நாயக்கின் மாத ஓய்வூதியம் 18,427 ரூபாயிலிருந்து 21,101 ஆயிற்று; ஹவில்தாருடையது 20,066இலிருந்து 21,782. முன்பு இரண்டு பதவிக்கும் இடையே 1,639 ரூபாய் வேறுபாடு; இப்போது 681. ஒரு பட்டையைக் கூடுதலாகக் கையில் தைக்க ஒருவர் உழைத்த ஆண்டுகளின் விலை அது. லெப்டினன்ட் கர்னலுடையது 84,330இலிருந்து 95,400. அவருடைய உயர்வு மட்டும் 11,070 ரூபாய். சிப்பாயின் முழு ஓய்வூதியம் 19,726.

இந்த முரண்பாடுகளைச் சொல்லி 2023இல் ஜந்தர் மந்தரில் மறுபடி ஒரு கூட்டம் உட்கார்ந்தது. இம்முறை அமர்ந்தவர்கள் ஜவான்களும் இளநிலை அதிகாரிகளும். அவர்கள் சுட்டிய இன்னொரு கணக்கு ராணுவச் சேவை ஊதியம். படைவாழ்வின் இடர்களுக்காகத் தரப்படும் இந்தத் தொகை, ஏழாவது ஊதியக் குழுவின்படி அதிகாரிக்கு மாதம் 15,500 ரூபாய். ஹவில்தாருக்கும் சிப்பாய்க்கும் 5,200. திறமைக்கும் பொறுப்புக்கும் சம்பளம் வேறுபடலாம். இடர்களுக்கான ஈடு வேறுபட என்ன நியாயம்? குண்டு தோள்பட்டையைப் பார்த்துப் பாய்வதில்லை. ஒன்றாகப் போராடியவர்கள் வெற்றிக்குப் பின் இரண்டு பந்தலாகப் பிரிந்ததற்குத் தனிமனித அகந்தைகளும் காரணம்தான். அடித்தளக் காரணம், கீழ்ப்பதவியினரின் குறைகள் முதல் பந்தலில் ஒருபோதும் முதலிடம் பெறவில்லை என்பதே.

வாசலுக்கு வெளியே

மூன்றாவது கேள்வி: இந்த வெற்றி யாரை வெளியே நிறுத்தியது? மத்திய ரிசர்வ் போலீஸ், எல்லைப் பாதுகாப்புப் படை போன்றவற்றில் 2004 முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியமே இல்லை, பங்களிப்புத் திட்டம்தான். 2023 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் அவர்களுக்கும் பழைய ஓய்வூதியம் உண்டு என்றது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. அதே காட்டில், அதே எல்லையில் நிற்கிறவர்கள் இவர்கள்.

உள்ளேயும் ஒரு வெளி உண்டு. வேலூர் மாவட்டத்தின் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே அழைப்பார்கள். தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பும் ஊர். அப்படிப்பட்ட ஊர்களில் இருக்கும் விதவைத் தாய்க்குச் சிக்கல் ஐந்தாண்டா, ஓராண்டா என்பதில் இல்லை. ஓய்வூதிய ஆணையில் பெயரின் எழுத்து மாறியிருக்கிறது. பிறந்த தேதி ஒத்துப்போகவில்லை. ஸ்பர்ஷ் என்ற ஓய்வூதிய இணையதளத்தில் வாழ்நாள் சான்று ஏறவில்லை. திருத்தம் கேட்டால் பிரயாக்ராஜ் ஓய்வூதிய அலுவலகத்துக்கு எழுது என்கிறார்கள். இந்தச் சிக்கல்களுக்குக் கோஷம் கிடையாது, தொலைக்காட்சியில் இடம் கிடையாது. டெல்லியில் குவிந்த இயக்கத்துக்கு இவை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வேலையாக மட்டுமே தெரிந்தன.

ஓட்டுக்கு விற்ற கௌரவம்

தேர்தலோடு பேரம் பேசுவது படைவீரர் அரசியலின் கூர்மையான ஆயுதம். அது இருபுறமும் வெட்டும் என்பதற்கு அமெரிக்கா பழைய சாட்சி. அங்கே உள்நாட்டுப் போர் முடிந்ததும் 1866இல் தொடங்கிய ‘குடியரசின் மாபெரும் படை’ என்ற சங்கம் 1890இல் நான்கு லட்சம் உறுப்பினர்களைத் தொட்டது. 1887இல் ஓய்வூதிய மசோதாவை நிராகரித்த அதிபர் கிளீவ்லேண்ட் அடுத்த ஆண்டுத் தேர்தலில் தோற்றார். சங்கத்தின் எதிர்ப்பும் அதற்கு ஒரு காரணம். 1890இல் வந்த சட்டம், போரில் பட்ட காயமா என்றுகூடப் பார்க்காமல், உழைக்க இயலாத எல்லா வடக்குப் படைவீரருக்கும் ஓய்வூதியம் தந்தது. சில ஆண்டுகளில் மத்திய அரசின் செலவில் சுமார் நாற்பது சதவீதம் இதற்கே போயிற்று. பணம் ஒரு கட்சியின் ஓட்டுப்பெட்டிக்குத் தீனியானதாகப் பேச்சு எழுந்தது. மாறாக 1932இல், முதல் உலகப் போர் வீரர்கள் வாக்களிக்கப்பட்ட போனஸை முன்கூட்டிக் கேட்டு வாஷிங்டனில் குடிசை போட்டபோது, தளபதி மக்கார்தரின் துருப்புகள் குடிசைகளைத் தீக்கிரையாக விட்டன. பேரம் பேசும் பலம் இருந்தபோது அள்ளிக் கொடுத்த அதே நாடு, அது இல்லாதபோது குதிரைப்படையை அனுப்பியது. இரண்டு இடத்திலும் நியாயத்தை யாரும் நின்று அளக்கவில்லை.

நம் இயக்கமும் ரேவாரி மேடைக்குப் பின் இந்தச் சுழலில் சிக்கியது. படைத் தளபதியாக ஓய்வு பெற்ற வி.கே. சிங் அந்த மேடையில் இருந்தார். அடுத்த ஆண்டே மோடியின் கட்சியில் சேர்ந்து எம்.பி. ஆனார். குடிமகனாக அது அவர் உரிமை. ஆனால் இராணுவ மரியாதை கட்சி மேடையின் அலங்காரமாகும்போது, அந்த மரியாதையை நம்பித்தான் போராட்டம் நடக்கிறது என்பது மறந்துபோகிறது. ஆட்சிக்கு வந்தவர்கள் தாமதித்தபோது, போராடியவர்களை ‘எதிர்க்கட்சியின் ஆட்கள்’ என்று ஒதுக்குவது எளிதாயிற்று. பதக்கத்தை ஒருமுறைதான் திருப்பிக் கொடுக்க முடியும்.

இன்னொரு விலையும் உண்டு. 2025–26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கான 6,81,210 கோடியில் 1,60,795 கோடி ஓய்வூதியம். ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. இதைச் சுமை என்று வீரர் முகத்துக்கு நேரே சொல்வது நாகரிகமில்லை; கடனைத் திருப்புவது சுமையாகாது. ஆனால் கணக்கு எங்கேயாவது இறங்கியே தீரும். அது இறங்கிய இடம், சங்கம் இல்லாத, இன்னும் படையில் சேராத இளைஞரின் தலை. 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபாத் திட்டத்தில் நான்கு ஆண்டுச் சேவை. அதிகபட்சம் 25 சதவீதம் பேருக்கே நிரந்தரப் பணி. மற்றவர்களுக்குச் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதி. ஓய்வூதியமும் இல்லை, முன்னாள் படைவீரர் தகுதியும் இல்லை. ஓய்வூதியச் செலவு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். படையின் சராசரி வயதைக் குறைப்பது என்ற காரணத்தை அரசு சொல்கிறது. ஆனாலும் அந்தச் செலவைக் கணக்கில் எடுக்காமல் இத்திட்டத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

தீர்ப்பு

எடை போட்டால் தட்டு இயக்கத்தின் பக்கமே தாழ்கிறது. 25 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் மாத வருமானத்தை அது உயர்த்தியது. ஓய்வூதியம் தயவல்ல என்பதைத் தீர்ப்பு ஏட்டிலிருந்து தெருப்பேச்சாக்கியது. ஒரு கண்ணாடியும் உடையாமல் இரண்டு அரசுகளைப் பணியவைத்தது. இந்த மண்ணில் போராடும் எவருக்கும் அதில் பாடம் உண்டு.

பிழைகளுக்கு மன்னிப்புத் தேடவும் வேண்டாம். வரையறை இல்லாத வாக்குறுதியை வெற்றியென்று வாங்கக்கூடாது. ஜெனரல் பேச ஜவான் கைதட்டும் அமைப்பு, சீருடைக்குள் சரி, சங்கத்துக்குள் சரியில்லை. நிர்வாகக் குழுவில் பாதி இடம் கீழ்ப்பதவியினருக்கும் விதவைகளுக்கும் என்று விதி எழுதாத சங்கம், அடுத்த வெற்றியிலும் அவர்களுக்குப் பந்தியின் கடைசி வரிசையையே தரும். முன்னாள் படைவீரர் என்ற சொல்லின் எல்லையை அரசு சுருக்கும்போது, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் பேசாமல் இருந்தால், அவர்கள் காத்தது உரிமையா சலுகையா என்று நாளைய தலைமுறை கேட்கும்.

முதல் அக்னிவீரர்கள் 2022 கடைசியில் பயிற்சிக்குப் போனார்கள். அவர்களுடைய நான்கு ஆண்டு 2026 இறுதியில் முடியத் தொடங்குகிறது. நாலில் மூன்று பேராவது, இருபதுகளின் நடுவே, பெட்டியோடு ஊருக்குத் திரும்புவார்கள். யாரோடும் சமப்படுத்திக் கேட்க அவர்களுக்கு ஓர் ஓய்வூதியம் இருக்காது.